அக்கா ஒத்துக்கொள்ளாத ஒரு வரி

பிள்ளையாரை மனதில் நினைத்து, விளக்கைக் கொளுத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதிப் பழக்கம் இல்லாதவள் நான். பிழை இருந்தால் அது என்னுடையது. சரியாக ஏதும் இருந்தால் அது அக்கா வகுப்பில் சொன்னதைச் சமையலறையிலிருந்து கேட்டு வந்தது.

அக்காவின் முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற இந்த நினைவு மலரில் ஒரு வரியைப் போடுவதா விடுவதா என்று எனக்கும் அண்ணாவுக்கும் இடையில் பிணக்கு வந்தது. உறவுக்காரர் பலருக்கு அது தெரியும். ஆகையால் அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

இப்படியான மலர்களில் முதலில் ஊர் வரும். வயலும் வாழையும் கோயில் மணியும் வரும். எங்கள் அக்கா பிறந்தது கொட்டாஞ்சேனையில், ஒரு மாடி வீட்டின் பின்பக்க அறையில். கீழே சைக்கிள் திருத்தும் கடை இருந்தது. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை செய்தார். அக்கா மூத்தவர், அடுத்தது அண்ணா, கடைசி நான்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் அந்த வீடு எரிந்தபோது அக்காவுக்கு ஆசிரியை நியமனம் கிடைத்துக் கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. இரத்மலானை விமான நிலையக் கொட்டகையில் சனத்தோடு சனமாக இருந்தோம். பிறகு வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கையில் வாடகைக்கு வந்தோம். அப்பா அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. அக்காவின் சம்பளத்தில் வீடு நடந்தது. அண்ணா கனடா போனதும் எனக்குத் தாலிக்கொடி செய்ததும் அந்தச் சம்பளத்தில்தான். இவை நடந்தவை. நான் கண்ணால் கண்டவை.

அக்கா தமிழ் படிப்பித்தவர். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு. ஓய்வு பெற்ற பிறகு எங்கள் வீட்டு முன் அறையில் பாய் விரித்து வகுப்பு வைத்தார். மனப்பாடக் கட்டுரை அங்கே கிடையாது. வாசிப்பதுதான் பாடம். ஏதாவதொரு பாடத்திலிருந்து பத்து வரிப் பந்தி ஒன்றைக் கொடுப்பார். பிள்ளைகள் மனதுக்குள் வாசித்து, விளங்கி, பதில் சொல்ல வேண்டும்.

நாலு மணிக்கு வாசிப்பு தொடங்கும். அந்த நேரம் குக்கர் விசில் அடிக்கக்கூடாது என்பது அக்காவின் சட்டம். ஒருநாள் நான் மறந்துபோய் வைத்துவிட்டேன். விசில் அடித்தது. அக்கா எழும்பி வந்து சமையலறை வாசலில் நின்றார்.

"உன்ரை பருப்பு அவிஞ்சிட்டுது. என்ரை பிள்ளையளின்ரை பந்தி இன்னும் அவியேல்லை" என்றார்.

அன்றிலிருந்து நாலு மணிக்கு நான் அடுப்பை அணைத்துவிடுவேன். அக்கா வெளியே ஓட்டோக்காரரையும் விடமாட்டார். யன்னலைத் திறந்து, "மல்லி, ஹோர்ன் கஹன்ன எப்பா, ளமய் கியவனவா" என்பார். தம்பி, ஹோர்ன் அடிக்காதே, பிள்ளைகள் வாசிக்கிறார்கள் என்று சிங்களத்தில். கொஞ்சக் காலத்தில் அந்த ஓட்டோக்காரர்களே புதிதாக வருகிறவர்களுக்குக் கையைக் காட்டித் தடுக்கத் தொடங்கினார்கள்.

அக்காவுக்குப் பிடிக்காத ஒரு வாசிப்பு இருந்தது. கேள்வியில் உள்ள சொல்லைப் பந்தியில் தேடிக் கண்டுபிடித்து, அந்த வரியை அப்படியே பார்த்து எழுதுவது. அதற்கு அக்கா வைத்த பெயர் காகம் கொத்துறது.

"கேள்வியிலை மரம் எண்டு இருந்தால் பந்தியிலை மரத்தைத் தேடிப் போய்க் கொத்திக்கொண்டு வாறியள். மரத்துக்குக் கீழை ஆர் நிண்டது, ஏன் நிண்டது எண்டு பாக்கிறேல்லை."

பாடப்புத்தகப் பந்திகளுக்குக் கடையில் விடைப் புத்தகம் விற்கிறது. பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். ஒருவரும் விடை எழுதி வைக்காத பந்தி அக்காவுக்குத் தேவைப்பட்டது. அது எங்கள் வீட்டிலேயே, சுவாமித் தட்டுக்குக் கீழே உள்ள அலுமாரியில் இருந்தது.

எல்லார் வீட்டிலும் அந்த அலுமாரி இருக்கும். செத்த வீடுகளில் தருகிற மலர்களை என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியாது. முதற்பக்கத்தில் சுவாமி படமும் உள்ளே தேவாரமும் இருக்கிறபடியால் குப்பையில் போட முடியாது. பழைய பேப்பர்காரருக்குக் கொடுத்தால் நாளைக்கு யாரோ அதில் கடலை சுற்றுவார்கள். ஆகவே அவை சேர்ந்துகொண்டே போகும். அக்கா ஒருநாள் அந்த அலுமாரியைத் திறந்து, ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு முன் அறைக்குப் போனார்.

தீட்டு என்று எனக்கு மனம் கேட்கவில்லை. "செத்த வீட்டுப் புத்தகத்தைப் பிள்ளையளின்ரை கையிலை குடுக்கலாமோ அக்கா? துடக்கெல்லே?"

"துடக்கு முப்பத்தோராம் நாளோட முடிஞ்சுது. பாடம் இப்பதான் தொடங்குது."

ஆனால் மரியாதைக் குறைவாக அக்கா எதுவும் செய்யவில்லை. தேவாரப் பக்கத்தை முதலில் ஒரு பிள்ளை வாசிக்க, மற்றவர்கள் எழும்பி நிற்க வேண்டும். பெயர் வரும் இடங்களில் சிறு கடதாசித் துண்டை ஒட்டி மறைத்துவிடுவார். பிறகு மூன்று கேள்விகள் கேட்பார். எந்தப் பந்தி என்றாலும் அதே மூன்றுதான். ஆர் சொல்லுறது? எதை வைச்சுச் சொல்லுது? சொல்லாமல் விட்டது என்ன?

ஒரு நாள் வகுப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் உள்ளே தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன்.

"'இவர் இரக்கத்தின் உறைவிடம்' எண்டு கிடக்கு. எதை வைச்சுச் சொல்லுது?"

"ஆதாரம் இருக்கு ரீச்சர்" என்றான் ஒரு பெடியன். "அடுத்த வரியிலை 'ஈகையின் இருப்பிடம்' எண்டு கிடக்கு."

"அது ஆதாரம் இல்லையடா. அதே வரிதான் வேற சட்டை போட்டுக்கொண்டு வந்து நிக்குது."

சங்கவி என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று. வாய்க்காரி. "ரீச்சர், இந்த அலுமாரியிலை உள்ள எல்லாரும் ஒரே ஆள் மாதிரித்தான் இருக்கினம். ஒருத்தருக்கும் கோவமே வந்ததில்லையாம். அப்ப ரோட்டிலை சண்டை பிடிக்கிறவை எல்லாம் ஆர்?"

"அவை இன்னும் சாகேல்லை" என்றான் முதலில் பேசிய பெடியன்.

அக்கா ஏசவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நல்ல பந்தியும் கிடைத்தது. கிராண்ட்பாஸ் பக்கத்து ஒரு குடும்பத்தின் மலர். அதில் மகன் எழுதியிருந்தார், தகப்பனார் கடைக்குப் போனால் அடிபட்ட வாழைப்பழத்தைத்தான் எடுப்பாராம். நல்லதை எல்லாரும் எடுப்பார்கள், இதை யார் எடுப்பது என்று கேட்பாராம். அக்கா அந்தப் பக்கத்தைத் தாலிக்கொடி பார்ப்பதுபோல் தூக்கிப் பிடித்துக் காட்டினார்.

"இதிலை இரக்கம் எண்ட சொல்லே இல்லை. ஆனா ஆள் எப்பிடி எண்டு தெரியுதோ?"

"பாவம் பாக்கிறவர்" என்றாள் சங்கவி.

"மலிவெண்டு எடுத்திருப்பார்" என்றான் பெடியன்.

"கஞ்சன் எண்டால் அந்தக் கதையைக் கதைச்சிருக்க மாட்டார், மோடா."

"கஞ்சன்தான் கதைப்பான்."

"ரெண்டும் வரலாம்" என்றார் அக்கா. "எதுக்குக் கூட ஆதாரம் இருக்கெண்டு பாருங்கோ. வெளியிலை தேடக்கூடாது. விடை பந்திக்குள்ளைதான் இருக்கு." கூட்டிக்கொண்டு போக வந்த தாய்மார் வாசலில் நிற்க, அந்த வாழைப்பழத்தைப் பற்றி வாக்குவாதம் நடந்துகொண்டே இருந்தது. இறங்கிப் போகும்போது படிகளிலும் கேட்டது.

அக்கா பொறுமையே வடிவானவர் என்று என்னால் எழுத முடியாது. மாதிரி விடை எழுதித் தரச் சொன்ன ஒரு தாயிடம், "அப்ப நானே சோதினை எழுதிப்போட்டு வாறன், பிள்ளை வீட்டை நிக்கட்டும்" என்று சொல்லி அனுப்பியவர். அந்தப் பிள்ளை பிறகு வரவில்லை. சமையல் தெரியாது. தேத்தண்ணீரில் சீனியை அள்ளிக் கொட்டுவார். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு என்னோடு வருவார், ஆனால் அரைவாசி நேரம் சுவரில் எழுதியிருக்கும் உபயகாரர் பெயர்களை வாசித்துக்கொண்டு நிற்பார்.

இனி அந்த வரிக்கு வருகிறேன்.

அக்கா ஓய்வு பெற்ற அன்று பள்ளிக்கூடத்தில் பிரியாவிடை வைத்தார்கள். நானும் போயிருந்தேன். ஒருவர் பேசும்போது, "தம்பி தங்கைக்காகத் தன் திருமண வாழ்வையே தியாகம் செய்த தீபம்" என்றார். சபை கைதட்டியது. நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றிச் சுவாமிப் படத்துக்குப் போட்டுவிட்டு அக்கா என்னைப் பார்த்தார்.

"அந்த வரிக்கு ஆதாரம் என்ன?"

"நீங்கள் கலியாணம் கட்டேல்லைத்தானே அக்கா."

"கட்டேல்லை எண்டது தகவல். ஏன் கட்டேல்லை எண்டது ஊகம். ரெண்டையும் ஒரே வசனத்திலை சேர்த்துக் கட்டிவிட்டால், கேக்கிறவை ரெண்டையும் உண்மை எண்டு நம்பிப்போடுவினம்."

"அப்ப ஏன் கட்டேல்லை?"

"நீ எதை வைச்சுக் கேக்கிறாய்?" என்றார். பிறகு தேத்தண்ணி போடச் சொன்னார்.

எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். எனக்குக் கலியாணம் முடிந்த பிறகு, வீட்டில் ஒரு பொறுப்பும் இல்லாத காலத்தில், அக்காவுக்கு ஹெந்தளையிலிருந்து ஒரு கலியாணப் பேச்சு வந்தது. நல்ல இடம். அம்மா அழுது கேட்டார். அக்கா வேண்டாம் என்றார். அன்று பின்னேரமும் பள்ளிக்கூடத்தில் மேலதிக வகுப்புக்குப் போனார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு பிள்ளையின் விடைத்தாளை வாசித்துச் சிரித்துக்கொண்டு வந்ததாக, அதே பஸ்ஸில் வந்த பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்.

சென்ற வருடம் அக்காவுக்கு இருதயம் பலவீனம் என்று கண்டார்கள். ஆஸ்பத்திரியில் பல நாட்கள் இருந்தார். பார்க்க வந்த ஓர் உறவினர் கட்டிலருகே நின்று, "ரீச்சர் பொறுமைக்கு ஓர் இலக்கணம்" என்றார். அக்கா கண்ணைத் திறக்காமல், "காலமைதான் நேர்ஸோட சண்டை பிடிச்சனான்" என்றார்.

அந்த உறவினர் போன பிறகு அக்கா என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"எனக்கும் ஒரு மலர் அடிப்பியள். வேண்டாம் எண்டாலும் அடிப்பியள். நீ எழுது."

"என்ன கதை கதைக்கிறியள். நான் ஓ எல் சோதினையிலை தமிழுக்கு வெறும் சாதாரண சித்தி."

"அதுக்குத்தான் சொல்லுறன். உனக்கு அலங்காரம் வராது. எதை எழுதினாலும் ஆதாரத்தோட எழுது. அந்தப் பிரியாவிடை வரியைப் போட்டிடாதை."

"சரி அக்கா" என்றேன். கையைப் பிடித்துச் சொன்ன வாக்கு அது.

அக்கா ஓர் அதிகாலையில், நான் திருநீறு பூசிவிட்ட பிறகு, அமைதியாக இறைவனடி சேர்ந்தார். அமைதியாக என்பதற்கு நானே சாட்சி.

அண்ணா கனடாவிலிருந்து வந்து கிரியைகளைச் செய்துவிட்டு, விடுமுறை இல்லாதபடியால் திரும்பினார். எனக்குச் சிரமம் வேண்டாமென்று மலரை அவரே அங்கிருந்து ஓர் அச்சகத்துக்குச் சொல்லிவிட்டார். பார்க்கச் சொல்லி அச்சகத்துத் தம்பி போனில் அச்சுப் படியை அனுப்பினார். அதில் அக்கா நான்கு பேரப்பிள்ளைகளையும் ஒரு பூட்டப்பிள்ளையையும் கண்டு களித்திருந்தார்.

நான் போன் எடுத்தேன். "தம்பி, அக்கா கலியாணமே கட்டேல்லை."

"சொறி அன்ரி. முந்தி அடிச்ச வேற ஆளின்ரை மலரிலை இருந்து வந்திட்டுது. பேரப்பிள்ளையளை எடுத்துவிடுறன். மிச்சம் எல்லாருக்கும் பொருந்தும்."

"எல்லாருக்கும் பொருந்துறதுதான் தம்பி கரைச்சல்."

பேரப்பிள்ளைகள் அச்சகத்தின் பிழை. ஆனால் அதற்குக் கீழே இருந்த வரியை அண்ணாவே எழுதிக் கொடுத்திருந்தார். தம்பி தங்கைக்காகத் தன் வாழ்வையே தியாகம் செய்த தீபம்.

நானே எழுதுகிறேன், அந்த வரி வேண்டாம் என்று அண்ணாவிடம் சொன்னேன். அண்ணாவுக்குக் கோபம் வந்தது.

"தங்கச்சி, சனம் என்ன சொல்லும்? அவவின்ரை சம்பளத்திலை தாலி ஏறினவள் நன்றியா ஒரு வரி எழுதேல்லை எண்டு சொல்லும். உனக்கு அது சம்மதமோ?"

அது பொய் இல்லை. அப்படித்தான் சொல்வார்கள். வரியை விட்டால் நான் நன்றி கெட்டவள். போட்டால் அக்காவின் கையைப் பிடித்துச் சொன்ன வாக்குத் தவறும்.

எங்கள் அம்மாவின் பழக்கம் ஒன்று உண்டு. மனம் இரண்டுபட்டால் பூக்கட்டிப் பார்ப்பது. வெள்ளிக்கிழமை காலை சிவப்புப் பூவை ஓர் இலையிலும் வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் மடித்துக் கட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். சிவப்பு வந்தால் வரியைப் போடுவது, வெள்ளை வந்தால் விடுவது. பிள்ளையார் காலடியில் வைத்து, கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன். நூலை அவிழ்க்கப் போகும்போது அக்காவின் குரல் நினைவுக்கு வந்தது. விடை பந்திக்குள்ளை இருக்கேக்கை வெளியிலை தேடாதேங்கோ.

அக்கா விடையைச் சொல்லிவிட்டுத்தானே போனார். அதைப் பிள்ளையாரிடம் மறுபடி கேட்பது பிள்ளையாருக்கும் மரியாதை இல்லை என்று தோன்றியது. பொட்டலம் இரண்டையும் அவிழ்க்காமலே அங்கே வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். எந்தப் பூ என் கையில் வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்து, இதுவரை நீங்கள் வாசித்ததில் பெரும்பகுதியை எழுதி, அண்ணாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். தாலிக்கொடி வந்த இடத்தையும் ஹெந்தளைப் பேச்சு வந்த இடத்தையும் மறுபடி வாசிக்கச் சொன்னார். வாழைப்பழத்துக்குச் சிரித்தார். முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டார்.

"அவ மூண்டு கேள்வி கேக்கிறவ எண்டாய். முதல் கேள்வி என்ன?"

"ஆர் சொல்லுறது."

"அப்ப நான் சொல்லுறன் எண்டு போடு. அக்கா தியாகம் செய்தவ எண்டு நான் நினைக்கிறன். அதுக்கு நான் ஆதாரம். நான் இஞ்சை இருக்கிறன்தானே."

நான் யோசித்துப் பார்த்தேன். அக்கா இதற்குப் பிழை போடமாட்டார். ஆகவே அந்த வரி இங்கே இப்படி வருகிறது: அக்கா எங்களுக்காகத் தன் வாழ்வைத் தியாகம் செய்தார் என்று எங்கள் அண்ணா நினைக்கிறார். அக்கா அதை ஒத்துக்கொள்ளவில்லை. எனக்குத் தெரியாது.

இனி நன்றி. அக்காவைக் கொண்டு வந்து கிடத்தியபோது தங்கள் வீட்டுக் கதிரைகள் முழுவதையும் கேளாமலே இறக்கித் தந்த மேல்மாடிச் சிங்களக் குடும்பத்துக்கு நன்றி. ஆஸ்பத்திரியில் அக்காவின் ஏச்சையும் வாங்கிக்கொண்டு பணிவிடை செய்த நேர்ஸ் பிள்ளைகளுக்கும், வைத்தியர்களுக்கும், கிரியைகளை ஒழுங்காக நடத்திய ஐயாவுக்கும், சமைத்துத் தந்தவர்களுக்கும், தூர இடங்களிலிருந்து வந்தவர்களுக்கும், வரமுடியாமல் போனில் அழுதவர்களுக்கும் நன்றி. ஊர்வலம் ஒழுங்கையால் போனபோது ஹோர்ன் அடிக்காமல் ஓட்டோக்களை ஓரங்கட்டி இறங்கி நின்றவர்களை நாங்கள் மறக்கமாட்டோம். பேரப்பிள்ளைகளை எடுத்துவிட்டு, என் பிழைகளையும் பொறுமையாகத் திருத்திய அச்சகத்துத் தம்பிக்கும் நன்றி.

இந்த மலரையும் நீங்கள் எறிய மாட்டீர்கள். முதற்பக்கத்தில் பிள்ளையார் இருக்கிறார். அலுமாரியில் வைப்பதற்கு முன் வீட்டில் ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் ஒருமுறை வாசிக்கக் கொடுங்கள். அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். இந்த வரிக்கு ஆதாரம் போதாது என்று பிள்ளை எதையாவது காட்டினால், அதற்குச் சரி போட்டுவிடுங்கள்.

குடும்பத்தார் ஆறாத்துயரில் மூழ்கியிருக்கிறார்கள் என்று எல்லா மலர்களிலும் கடைசியில் ஒரு வரி இருக்கும். அதை நான் எழுதவில்லை. மூன்றாவது கேள்விக்கு விடை தேடும் பிள்ளைகளுக்காக ஒரு தகவலை மட்டும் தருகிறேன். முன் அறையில் இப்போது வகுப்பு இல்லை. பாய்களைச் சுருட்டிவைத்தாயிற்று. பருப்பை எந்த நேரமும் அவிக்கலாம், விசில் அடித்தால் கேட்க ஆளில்லை. நாலு மணியானால் நான் இன்னும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் இருக்கிறேன்.

தங்கை
வெள்ளவத்தை